மராமத்துக் கூரை

சென்னை சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1768 வாக்கில் கட்டிக்கொண்ட அரண்மனையின் ஒரு பகுதி கலச மஹால். 2012 ஜனவரியில் அது தீப்பிடித்துக் கூரை சரிந்தது. அணைக்கப் போன தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். பல ஆண்டுகள் கழித்து, பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்பும் செங்கலும் மரமும் கொண்டு பழைய முறையிலேயே மீட்டெடுத்தது. இன்று அங்கே இயங்குவது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்க இதைவிடப் பொருத்தமான கட்டடம் கிடைக்குமா என்று கேட்கத் தோன்றும். சிமென்ட் வருவதற்கு முன்னால் நம் ஊரில் கட்டியதெல்லாம் இயற்கையோடு ஒட்டியவை, சிமென்ட் வந்த பிறகு கட்டியதெல்லாம் பூமிக்குப் பகை என்ற எண்ணம் இப்போது பரவலாக இருக்கிறது. முற்றம் வைத்து, சுண்ணாம்பு பூசி, பழைய தேக்குத் தூணை விலைக்கு வாங்கி நிறுத்திவிட்டால் வீடு பசுமையாகிவிடுகிறது. இந்த எண்ணம் பாதி சரி. ஆனால் தவறான பாதியைத்தான் எல்லோரும் நகலெடுக்கிறார்கள். அது எந்தப் பாதி என்று பார்க்க, சென்னை தன் பெயரையே கொடுத்த ஒரு கூரையின் வரலாறு போதும். பழைய வீடு விற்போரும் வாங்குவோரும் இன்றும் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று சொல்கிற கூரை அது. அதன் பசுமை அது எவற்றால் ஆனதோ அவற்றில் இல்லை, அதைப் பழுதுபார்த்துக்கொண்டே இருந்த தொழிலில் இருந்தது என்பது என் வாதம்.

முதலில் அந்தக் கூரை எப்படி நிற்கிறது என்று சொல்லிவிட வேண்டும். சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரங்கள். அவற்றின் மேல், ஒன்றரை அடி அளவு இடைவெளி விட்டு, தேக்குச் சட்டங்கள். சட்டங்களின் மேல் பலகை கிடையாது. அதற்குப் பதிலாக, ஓர் அங்குலக் கனமே உள்ள சிறிய மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் தோய்த்து, விளிம்பில் நிறுத்தி, அறையின் ஒரு மூலையிலிருந்து மூலைவாட்டாக வரிசை வரிசையாக அடுக்கிக்கொண்டு போவார்கள். கீழே சாரமோ பலகை முட்டோ கிடையாது. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையைப் பற்றிக்கொண்டே நிற்கிறது. செங்கல் மெலிதாக இருப்பதற்கும், காரை சட்டென்று பிடிப்பதற்கும், வரிசை கோணலாகப் போவதற்கும் காரணம் இதுதான். நேராக அடுக்கினால் இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒரு வரிசை முழுதாக நழுவிவிடும். கோணலாக அடுக்கும்போது எந்த வரிசையும் தன் எடையைப் பல சட்டங்களின் மேல் பகிர்ந்துகொள்கிறது. இந்த அடுக்கு காய்ந்த பிறகு அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை மூன்று நான்கு அங்குலம் கொட்டி, மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அதற்கும் மேலே இரண்டு அல்லது மூன்று அடுக்காகத் தட்டோடு. மொத்தம் ஏறத்தாழ ஓர் அடிக் கனம். இந்திய அரசின் தர நிர்ணய அமைப்பு 1980இல் திருத்தி வெளியிட்ட ஐ.எஸ். 2119 என்ற விதித்தொகுப்பு முழுக்க இந்தக் கூரைக்கானதுதான். தலைப்பிலேயே மெட்ராஸ் டெரஸ் என்ற பெயர் இருக்கிறது. புதிதாக யாரும் அதைப் போடுவது அருகிவிட்ட காலத்தில் அதற்கு விதி எழுதியிருக்கிறார்கள் என்பது அரசு நிர்வாகத்துக்கே உரிய அழகு.

இந்தக் கூரையின் உயிர் சுண்ணாம்பு. மெட்ராஸ் சுண்ணாம்புக்குக் கல் அதிகம் தேவைப்படவில்லை, கிளிஞ்சல் போதும். பழவேற்காடு ஏரியிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்து கிடந்த கிளிஞ்சலை அள்ளிக் கழுவி, காளவாயில் விறகோடு அடுக்கிச் சுட்டு, தண்ணீரில் நீற்றி, மாடு பூட்டிய செக்கில் மணலோடு அரைத்தார்கள். அரைப்பதும் புளிக்க வைப்பதும் முக்கியம். அன்றைக்குக் கலந்து அன்றைக்கே பூசுகிற சுண்ணாம்பு வெடிக்கும் என்பது கொத்தனார்களின் பாடம். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லக் கரைசலும் அதில் சேரும். மேல்பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கரு, தயிர், நெய், மாக்கல் பொடி. இப்படித் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய ‘மெட்ராஸ் சுன்னம்’ சலவைக்கல்லைப் போல மின்னியதாக 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கே வந்திறங்கிய ஐரோப்பியர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். வெறும் வியப்போடு அவர்கள் நிற்கவில்லை. செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக், மெட்ராசில் மிகச் சிறந்த காரையை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு கடிதமாக எழுத, வால்நட்சத்திரத்தால் பெயர் பெற்ற எட்மண்ட் ஹாலி அதை லண்டன் ராயல் சொசைட்டிக்குச் சமர்ப்பித்தார். 1730களின் தொடக்கத்தில் அந்தச் சங்கத்தின் ஆய்விதழில் அது அச்சானது. வெல்லமும் கடுக்காயும் தயிரும் அளவோடு பட்டியலிடப்பட்டு ஐரோப்பிய அறிவியல் ஏட்டில் ஏறின. ஒரு கொத்தனார் குடும்பத்தின் கைப்பக்குவம், அதைச் செய்தவர் ஒருவரின் பெயரும் இல்லாமல், ஏட்டுக்குப் போன கதை என்றும் இதைச் சொல்லலாம்.

சுண்ணாம்பைப் பசுமை என்று சொல்வோர் முன்வைக்கும் வேதியியல் கணக்கு சரியானதுதான். தூய கிளிஞ்சல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பும் 44 கிலோ கரியமில வாயுவும் கிடைக்கும். பூசிய காரை காயக் காய, காற்றிலிருந்து அந்த வாயுவைத் திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. போனதில் பெரும்பகுதி, ஆண்டுகள் ஆனாலும், திரும்புகிறது. சுண்ணாம்பு வேக 900 டிகிரி அளவு வெப்பம் போதும். சிமென்ட் கிளிங்கருக்கு 1,450 வேண்டும். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமென்டுக்குச் சேர்கிறது என்ற செய்தியோடு இதை வைத்துப் பார்த்தால் சுண்ணாம்பின் பக்கம் நியாயம் இருப்பதாகவே தோன்றும். ஆனால் 900 டிகிரி வெப்பம் வானத்திலிருந்து இறங்கவில்லை. விறகு எரிந்தது. 1806இல் பேசில் காக்ரேன் வெட்டத் தொடங்கி, பின்னால் பழவேற்காடு வரைக்கும் அதற்கு அப்பாலும் நீண்டு, 1877-78 பஞ்ச நிவாரண வேலைகளுக்குப் பிறகு பக்கிங்காம் பெயரைப் பெற்ற கால்வாயில், நகருக்குள் படகு படகாக வந்த சரக்குகளில் விறகும் கிளிஞ்சலும் உண்டு. ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவின் காடு இந்த நகரத்தின் அடுப்புக்கும் காளவாய்க்கும் பல தலைமுறை இரையாயிற்று. ராக்கெட் ஏவுதளம் வருவதற்கு முன்னால் அந்தத் தீவின் பெயர் மெட்ராஸ்வாசிக்கு விறகின் பெயர். கடலோரமெங்கும் சவுக்குத் தோப்புகள் எழுந்ததே இந்தப் பசியைத் தீர்க்கத்தான். கிளிஞ்சலும் வற்றாத சுரங்கம் அல்ல. ஏரியின் அடிப்படுகையைக் கிளறி எடுக்கும்போது மீனும் இறாலும் வளரும் இடம் கலங்குகிறது.

தேக்கின் கணக்கு இன்னும் கறாரானது. கப்பல் கட்டவே மலபார்த் தேக்கு வெட்டித் தீர்க்கப்பட்டது. அந்தப் பற்றாக்குறைதான் 1840களில் நிலம்பூரில் கலெக்டர் கனோலியைத் தேக்குத் தோட்டம் போட வைத்தது. நட்ட மரம் உத்திரமாக அறுபது எண்பது ஆண்டுகள் ஆகும். அதுவரை மெட்ராஸ் யாரிடம் வாங்கிற்று? பர்மாவிடம். வாங்கிற்று என்ற சொல்லே மரியாதையானது. 1826இல் பர்மாவின் தெனாசெரிம் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது, அதோடு மோல்மேன் துறைமுகமும் அதன் தேக்கும். 1852இல் பெகு. பம்பாய்-பர்மா வணிகக் கழகம் வெட்டிய தேக்குக்கு மண்டலே அரசவை விதித்த அபராதம், 1885இல் மூன்றாம் ஆங்கிலோ-பர்மியப் போருக்குச் சாக்காயிற்று. பர்மிய மன்னர் தீபா நாடு கடத்தப்பட்டார். இன்று இடிபடும் மயிலாப்பூர் வீட்டிலும் செட்டிநாட்டு மாளிகையிலும் ‘பர்மாத் தேக்கு’ என்று பெருமையாகத் தட்டிக்காட்டும் உத்திரத்துக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. உள்ளூர்ப் பொருளால் கட்டியதே பசுமை என்று ஒருவர் வரையறுத்தால், வங்கக் கடலைத் தாண்டி வந்த மரத்தின் மேல் நின்ற மெட்ராஸ் டெரஸ் அந்தத் தேர்வில் தோற்கும். பனங்கையும் கீற்றும் கொண்டு வேய்ந்த குடிசைதான் தேறும். ஆகவே பொருளின் பட்டியலை நீட்டிக்காட்டி இந்தக் கூரையைப் புகழ்வதற்கு இடமில்லை.

பின் எதைப் புகழ்வது? அந்தப் பொருள்கள் ஒன்றோடொன்று வைத்திருந்த உறவை. மெட்ராஸ் டெரஸில் எந்த அடுக்கும் இன்னொன்றை நிரந்தரமாகப் பிணைத்துக்கொள்வதில்லை. சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட வலுவில் குறைந்தது. இது குறை போலத் தோன்றினாலும் அடிப்படையான குணம் இதுதான்: விரிசல் வந்தால் காரையில் வரும், செங்கல்லில் வராது. காரையில் வந்த மெல்லிய விரிசலுக்குள் மழைநீர் இறங்கும்போது கரைந்த சுண்ணாம்பு மறுபடி அங்கே படிந்து சிறு கீறல்களைத் தானே அடைத்துக்கொள்ளும். அடைபடாத கீறல் இருந்தால் தட்டோட்டின் இணைப்பைக் கீறி எடுத்துப் புதுக் காரை தேய்த்தால் போதும். ஓடு தேய்ந்தால் ஓடு மட்டும் மாறும். ஒரு சட்டம் கரையான் அரித்துவிட்டதா, முட்டுக் கொடுத்து அந்தச் சட்டத்தை மட்டும் உருவி இன்னொன்றைச் செருகுவார்கள். கூரை இருந்த இடத்தில் இருக்கும். நூறு வருஷம் கழித்து வீடே வேண்டாம் என்று இடித்தால் உத்திரம் அப்படியே பழைய மரக் கடைக்குப் போய், அறுக்கப்பட்டு இன்னொரு வீட்டின் கதவாகும். செங்கல்லைத் தட்டிச் சுத்தம் செய்து மறுபடி அடுக்கலாம். உடைந்தது ஜல்லியாகும், பொடிந்தது சுர்க்கி என்னும் செங்கல் பொடியாகும். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளின் வியாபாரமே, கட்டடம் பிரிந்து மீண்டும் பொருளாக முடியும் என்பதற்குச் சான்று. பர்மாவில் வெட்டிய மரத்தின் பாவத்தை எதுவும் கழுவாது. ஆனாலும் ஒரு முறை வெட்டிய மரத்தை மூன்று தலைமுறைக்கு உழைக்க வைத்த கட்டுமானத்துக்கும், ஒரே தலைமுறையில் இடிபாடாக்கும் கட்டுமானத்துக்கும் வேறுபாடு உண்டு.

இரும்புக் கம்பி பதித்த கான்கிரீட்டில் இந்தப் பிரிவு கிடையாது. கம்பியும் கான்கிரீட்டும் ஓருடல். அதுதான் அதன் பலம். அகலமான அறை, தூணில்லாத கூடம், பத்து மாடி எல்லாம் அந்தப் பிணைப்பால் வருகின்றன. ஆனால் சென்னையைப் போன்ற உப்புக்காற்று ஊரில் ஈரமும் குளோரைடும் உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்தால், துரு ஊதிக் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கும். ஒரு கம்பியை மட்டும் உருவி மாற்ற முடியாது. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 1993இல் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு பிளாக் 2021 டிசம்பரில் இடிந்து விழுந்தது. சற்று முன்னர் ஆட்கள் வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். அது கட்டி முப்பது ஆண்டுகூட ஆகவில்லை. சரியாகக் கட்டியிருந்தால், கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனத்தைச் சரியாக விட்டிருந்தால், அறுபது எழுபது ஆண்டு நிற்கும் என்று பொறியாளர்கள் சொல்வார்கள், உண்மை. சுண்ணாம்புக் கட்டடங்களும் விழுகின்றன, அதுவும் உண்மை. கவனிப்பாரில்லாமல் ஆலங்கன்று முளைத்த மச்சுகள் மழைக்காலம் தோறும் சரிகின்றன. நான் ஒப்பிடுவது நிற்கும் ஆண்டுகளை அல்ல. பழுது வந்தால் என்ன செய்ய முடியும் என்பதை. ஒன்றில் பழுது என்பது வாழ்நாளின் பகுதி. மற்றொன்றில் பழுது வாழ்நாளின் முடிவு.

மெட்ராஸ் டெரஸ் வீட்டின் உருவத்தையும் அடக்கி வைத்தது. தேக்குச் சட்டம் வளையாமல் தாங்கும் நீளம் பத்துப் பன்னிரண்டு அடிதான்; அதற்குள் சுவரோ உத்திரமோ வந்தாக வேண்டும். ஆகவே அறைகள் ஒடுங்கி நீண்டன, சுவர்கள் நெருங்கி வந்தன, ஓரடிக் கூரையின் எடையைத் தாங்கச் சுவரும் தடித்தது. வெயிலின் சூடு அந்தக் கனத்தைக் கடந்து உள்ளே வர மாலையாகிவிடும். அதற்குள் கடல்காற்று வந்துவிடும். குளிர்ச்சிக்காக யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. மரத்தின் இயல்பு அறையை நிர்ணயித்தது, அறை குளிர்ச்சியைத் தந்தது.

இனி, இந்தக் கூரை ஏன் ஒழிந்தது என்ற கேள்வி. சிமென்ட் வந்தது, சுண்ணாம்பு செத்தது என்று ஒரே வரியில் முடிப்பது வழக்கம். ஆண்டுகளை வரிசையாக வைத்தால் அது அவ்வளவு எளிதாக இல்லை. இந்தியாவில் போர்ட்லண்ட் சிமென்ட் செய்யும் முதல் முயற்சியே மெட்ராசில்தான் நடந்தது. 1904இல் சௌத் இந்தியா இண்டஸ்ட்ரியல்ஸ் என்ற நிறுவனம் கடல் கிளிஞ்சலைக் கொண்டு அதைச் செய்து பார்த்தது. காளவாய்க்காரர்களின் அதே மூலப்பொருள்! முயற்சி நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தர் ஆலை வந்த பிறகே இந்தியாவில் சிமென்ட் காலூன்றிற்று. தமிழ்நாட்டில் மதுக்கரை 1934, டால்மியாபுரம் 1939, தாழையூத்து 1949. இந்த ஆலைகள் வந்த பிறகும் சிமென்ட் பஞ்சமாகவே இருந்தது. போர்க்காலக் கட்டுப்பாடு தொடங்கி, பெர்மிட்டும் கோட்டாவுமாக இழுத்து, 1982இல் பாதியும் 1989இல் முழுதுமாகத்தான் விலைக் கட்டுப்பாடு நீங்கிற்று. மெட்ராஸ் டெரஸோ அதற்கு வெகு முன்பே, 1950களிலும் 60களிலும், புதிய வீடுகளிலிருந்து மறைந்துவிட்டது. மூட்டை சிமென்டுக்கு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய காலத்திலும், பக்கத்தில் கிடைத்த சுண்ணாம்பை மக்கள் விட்டுவிட்டார்கள் என்றால், காரணம் சிமென்டின் மலிவு மட்டும் அல்ல.

ஒரு காரணம் மரம். 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்ததும் பர்மா அரிசியோடு பர்மாத் தேக்கும் நின்றது. போருக்குப் பின் பழைய விலைக்கு அது திரும்பவே இல்லை. ஆனால் மரமே முழுக்காரணம் என்றும் சொல்ல முடியாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பெரிய கட்டடங்களில் இரும்புச் சட்டத்தின் மேல் இதே செங்கல் அடுக்கைப் போடப் பழகியிருந்தார்கள். மரத்துக்கு மாற்று கையில் இருந்தது. மாற்று இல்லாமல் போனது ஆளுக்கு. ஜல்லிச் சுண்ணாம்பைக் கொட்டிய நாள் முதல், கட்டை பட்டால் துள்ளி எழும்பும் அளவுக்கு அது இறுகும் வரை, தினமும் பல பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அடிக்க வேண்டும். இடையிடையே கடுக்காய் நீர் தெளிக்க வேண்டும். அடி நின்றால் தளம் ஒழுகும். வேகமாக முடித்தாலும் ஒழுகும். கான்கிரீட்டோ ஒரே நாளில் கொட்டி முடிகிற வேலை. பலகை முட்டும் கம்பி வளைப்பும் முன்னால் சில நாள், தண்ணீர் ஊற்றிக் காப்பது பின்னால் சில நாள். நாளுக்குக் கூலி கொடுத்துக் கட்டிய முதலாளியின் இடத்தில் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி எடுக்கும் ஒப்பந்தக்காரர் வந்தபோது, நாள்கணக்கில் இறுகும் கூரைக்கு அவருடைய கணக்கில் இடமில்லாமல் போயிற்று. கூரை அடித்த பெண்களையும் செக்கு ஓட்டியவரையும் காளவாய்க்காரரையும் ஒரே வீச்சில் தேவையற்றவர்களாக்கியது இந்த மாற்றம். சிமென்ட் அதற்குக் கருவியாக இருந்தது.

இங்கே எழும் மறுப்பு கனமானது. அந்தப் பெண்களின் கூலி என்ன? சுண்ணாம்பு இடிக்கும்போதும் தளம் அடிக்கும்போதும் அவர்கள் பாடியதாகச் சொல்லி நெகிழ்கிறோம். தாளம் தவறாமல் அடி விழுவதற்காகவும் அலுப்புத் தெரியாமல் இருப்பதற்காகவும் பாடப்பட்ட பாட்டு அது. சுண்ணாம்பு கையை அரித்துவிடும். வெயில் மொட்டை மாடியில் நேராக விழும். கொத்தனாருக்குக் கிடைத்ததில் ஒரு சிறு பங்குதான் சித்தாளுக்கு. நூறாண்டு நிற்கும் கூரை மலிவாக முடிந்தது என்றால், மலிவுக்கு விலை கொடுத்தது யார் என்பதில் ஐயமில்லை. எரிபொருள் விலை கூடியும் உடலுழைப்பு விலை தாழ்ந்தும் இருந்த சமூகம் எரிபொருளை மிச்சம் பிடித்து உடலைச் செலவழித்தது. எரிபொருள் மலிந்து உழைப்பு சற்றே விலை ஏறியதும் தலைகீழாக்கிற்று. இரண்டிலும் முன்னோர் ஞானமும் இல்லை, பின்னோர் மடமையும் இல்லை; இருந்தது கணக்கு. இதை ஒப்புக்கொள்ளாமல் மரபுக் கட்டடக் கலையைப் போற்றுவது, கட்டியவரை விட்டுவிட்டு வீட்டுக்காரரைப் போற்றுவதாகும். ஆனால் இந்த மறுப்பு நான் சொல்வதை உடைக்கவில்லை, ஒரு நிபந்தனையைத்தான் சேர்க்கிறது. பழுதுபார்க்கும் கூரை வேண்டும் என்றால் பழுதுபார்ப்பவருக்கு நல்ல கூலி கொடுத்தாக வேண்டும். அந்த வீடு அப்போது மலிவாக இராது. அறுபது ஆண்டுச் செலவைக் கூட்டிப் பார்ப்பவருக்கு மலிவாக இருக்கலாம். கட்டும் நாளின் செலவை மட்டும் பார்ப்பவருக்கு நிச்சயம் இராது.

மற்றொரு மறுப்பு: மெட்ராஸ் டெரஸ் எத்தனை பேருக்கு வாய்த்தது? பெரும்பாலானோர் கீற்றுக் கொட்டகையிலும் நாட்டோட்டுக்குக் கீழும் வாழ்ந்தார்கள். 1865இல் மங்களூரில் பாசெல் மிஷனின் ஓட்டாலை தொடங்கிய பின், சீமை ஓடு நடுத்தர வீடுகளுக்குப் பரவிற்று. மச்சு வீடு என்றால் ஊரில் விரல் விட்டு எண்ணத்தக்க வீடு. சில ஆயிரம் செல்வர்களின் கூரையை எடுத்துக்காட்டி, கோடிக்கணக்கானோருக்கு முதன்முதலாக ஒழுகாத, தீப்பிடிக்காத கூரை கொடுத்த கான்கிரீட்டைக் குறை சொல்வது அநீதி அல்லவா? அநீதிதான், குறை சொல்வது மட்டுமே நோக்கமாக இருந்தால். கோடை தோறும் குப்பங்கள் எரிந்து போன நகரத்தில் கான்கிரீட் தளம் ஒரு சமூக விடுதலை. அதை மறுப்பவருக்கு வரலாறு தெரியாது. எல்லோருக்கும் தேக்கு உத்திரம் என்றால் உலகத்தில் தேக்கு மிஞ்சாது. திரும்பிப் போகும் வழி கிடையாது, வேண்டியதும் இல்லை. ஆனால் பழைய கூரையிலிருந்து புதிய கூரை எடுத்துக்கொள்ளக்கூடியது என்ன என்ற கேள்வி அதனால் அடைபட்டுவிடுவதில்லை. திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் 1970களில் அதற்கு ஒரு விடை காட்டினார். கான்கிரீட் தளத்தின் அடிப்பாதியில் கான்கிரீட்டுக்கு வேலை இல்லை என்பதால், அந்த இடத்தில் பழைய ஓடுகளை வைத்து நிரப்பி, சிமென்டையும் எடையையும் குறைத்தார். அவர் பழைய கூரையின் உருவத்தைக் கேட்கவில்லை; எந்தப் பொருளை எங்கே வைத்தால் தேவை தீரும் என்று கேட்டார். அதுதான் மூலைவாட்டுச் செங்கல்லை அடுக்கியவரும் கேட்ட கேள்வி.

உண்மையில் மெட்ராஸ் டெரஸ் முழுதாக அழியவும் இல்லை. அடிப்பாதி போயிற்று, மேல்பாதி கான்கிரீட் தளத்தின் தலைமேல் ஏறிக்கொண்டு அரை நூற்றாண்டுக்கு மேல் உயிரோடிருந்தது. தமிழ்நாட்டில் வீடு கட்டிய எவருக்கும் வெதரிங் கோர்ஸ் தெரியும்: இரண்டரைப் பங்கு செங்கல் ஜல்லிக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று அங்குலம் கொட்டி அடித்து, மேலே தட்டோடு பதித்து, செங்காவி கலந்து இணைப்பு பூசுவது. அரசுக் கட்டடங்களின் மதிப்பீட்டில் இது தவறாத இனம். கூரை அடிக்கும் பெண்கள் 1980கள் வரை அடுக்குமாடிகளின் உச்சியில் கட்டையோடு உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் இந்த அடுக்குதான். வெறும் கான்கிரீட் தளம் மே மாத வெயிலை ஓரிரு மணி நேரத்தில் உள்ளே இறக்கிவிடும் என்பதும், வெயிலில் விரிந்து இரவில் சுருங்கி அது வெடிக்கும் என்பதும் முதல் தலைமுறைக் கான்கிரீட் பொறியாளர்களுக்குத் தெரிந்திருந்தது; ஆகவே புதியதின் மேல் பழையதைப் போர்த்தினார்கள். கடைசியாக இந்தப் போர்வையும் கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் விலகுகிறது. அதன் இடத்துக்கு ரசாயனப் பூச்சும், வெயிலைத் திருப்பும் வெள்ளை ஓடும் வருகின்றன. வெள்ளை ஓடு நல்ல சரக்குதான், முதல் சில ஆண்டுக்கு. அழுக்குப் படிந்தால் வெண்மையோடு பயனும் குறைகிறது, பூச்சு உரிந்தால் மறுபடி முழுதாக அடிக்க வேண்டும்; இங்கேயும் பழுதுபார்ப்பவர் வேண்டியிருக்கிறார், ஆனால் அவர் கம்பெனியின் ஏஜென்ட், தெருவில் தெரிந்த கொத்தனார் அல்ல.

இந்த வேறுபாடு இன்றைய பசுமை விதிகளின் கண்ணில் படுவதில்லை. வீடுகளுக்கான ஆற்றல் சேமிப்பு விதியாக மத்திய அரசு 2018இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா, கூரை வழியாக வெப்பம் கடக்கும் அளவுக்கு ஓர் உச்சவரம்பு வைக்கிறது: ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, 1.2 வாட். வெறும் கான்கிரீட் தளம் இந்த வரம்பைத் தாண்டிவிடும் என்பதால் மேலே ஏதாவது போட்டே ஆக வேண்டும். அந்த அளவுக்கு இது நல்ல விதி. ஆனால் அது அளப்பது கட்டி முடித்த நாளின் கூரையை. பத்தாவது ஆண்டில் அந்தக் காப்பு அடுக்கு நனைந்து ஊறியிருந்தால் என்ன, அதைக் கழற்றி மாற்ற முடியுமா, மாற்றத் தெரிந்த ஆள் அந்த ஊரில் இருக்கிறாரா என்று அது கேட்பதில்லை. நட்சத்திரம் கொடுக்கும் பசுமைச் சான்றிதழ்களிலும் மதிப்பெண்ணின் பெரும்பகுதி வடிவமைப்புக்கும் பொருளுக்கும் போகிறது. மெட்ராஸ் டெரஸுக்காக ஒருவர் சான்றிதழ்ப் படிவத்தை நிரப்பினால், தேக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அது தோற்கும், விறகு எவ்வளவு எரிந்தது என்ற கேள்விக்குத் தோற்கும், கூலி எவ்வளவு என்ற கேள்விக்கு இன்னும் மோசமாகத் தோற்கும். அது வெல்லக்கூடிய ஒரே கேள்வி, ஐம்பதாவது ஆண்டில் ஒரு சட்டம் உளுத்தால் என்ன செய்வீர்கள் என்பது. படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை. சேப்பாக்கத்திலும் மற்ற பாரம்பரியக் கட்டடங்களிலும் நடக்கும் மீட்பு வேலைகளில் கிழக்கே மேற்கே தேடிப் பிடித்து வந்த வயதான கொத்தனார்கள் இளைஞர்களுக்குக் காரை அரைக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். அந்த இளைஞர்களுக்கு அடுத்த வேலை இன்னொரு அரண்மனை எரிந்தால்தான் கிடைக்கும் என்ற நிலை இருக்கும் வரை, அவர்கள் கான்கிரீட் கலவை இயந்திரத்துக்குத் திரும்பிவிடுவார்கள். சாதாரண வீட்டின் மதிப்பீட்டில், கட்டுமானச் செலவுக்குக் கீழே, ஆண்டு மராமத்து என்று ஒரு வரியும் அதற்கு எதிரே ஒரு தொகையும் வந்தால் அவர்கள் தங்குவார்கள்.